17 அங்குலம் போடலாமா? ரிம் அகலம், ஆஃப்செட், டயர் பற்றிய விவாத இழை

ஜூன் 4, ஒரு வாசகரின் கேள்வி

"என் காரில் கம்பெனி கொடுத்தது 15×6 இரும்பு ரிம், ஆஃப்செட் 45, டயர் 195/65 ஆர்15. இப்போது 17×7.5, ஆஃப்செட் 35 அலாய் செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பிசிடி 5×114.3. என் காருக்கும் அதேதான். போல்ட் பொருந்தினால் சக்கரமும் பொருந்தும்தானே? வாங்கிவிடலாமா?"

ஜூன் 4, மாலை

இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். பிசிடி என்பது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். அது ஒத்துப்போனால் சக்கரத்தை ஹப்பில், அதாவது சக்கரம் உட்கார்ந்து சுழலும் நடுப்பகுதியில், மாட்ட முடியும், அவ்வளவுதான். மாட்டிய பிறகு சக்கரம் வெளியே ஃபெண்டரை (சக்கரத்தின் மேல் வளையும் உடல் தகடு) எவ்வளவு நெருங்கும், உள்ளே ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) எவ்வளவு நெருங்கும் என்பதை அகலமும் ஆஃப்செட்டும் சேர்ந்து முடிவு செய்கின்றன. நீங்கள் அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றப் பார்க்கிறீர்கள்.

கணக்கு சின்னதுதான். அகலம் 6 அங்குலத்திலிருந்து 7.5 ஆகிறது. கூடுவது ஒன்றரை அங்குலம், அதாவது 38.1 மி.மீ. அதில் பாதி வெளியே, பாதி உள்ளே; பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 45இலிருந்து 35 ஆவதால் முழுச் சக்கரமும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக, வெளி விளிம்பு இப்போது இருக்கும் இடத்திலிருந்து 29 மி.மீ. வெளியே வரும். உள் விளிம்பு 9 மி.மீ. உள்ளே போகும். ஒரு அங்குலத்துக்கும் மேலே வெளியே வருகிறது. அத்தனை இடம் உங்கள் ஃபெண்டருக்குள் இருக்கிறதா என்று அளந்து பார்த்தீர்களா?

ஜூன் 4, இரவு

ஆஃப்செட் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு கோடு போடுங்கள். ஹப்பின் மேல் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். முகம் தெருப்பக்கம் தள்ளி இருந்தால் பிளஸ், எஞ்சின் பக்கம் இருந்தால் மைனஸ். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும், கூடக் கூட உள்ளே போகும். ரிம்மின் பின்பக்கம் 'இடி 45' என்று பொறித்திருப்பது இதைத்தான். அகலத்துக்குப் பக்கத்தில் வரும் 'ஜே' விளிம்பின் வடிவத்தைக் குறிப்பது, 6.5ஜே என்றால் அகலம் ஆறரை அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த அகலம் டயரின் ஓரம் உட்காரும் இரண்டு இடங்களுக்கு நடுவே அளந்தது. வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை ஸ்கேல் வைத்தால் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் கூடுதலாக வரும். வீட்டில் அளந்துவிட்டு "என்னுடையது 7 அங்குல ரிம்" என்று எழுதுபவர்களில் பாதிப் பேர் வைத்திருப்பது 6 அங்குல ரிம்தான்.

ஜூன் 5

மேலே சொன்ன 29 மி.மீ.யைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அது ரிம்மின் விளிம்புக் கணக்கு. ஆனால் ஃபெண்டரில் முதலில் போய் உரசுவது பெரும்பாலும் டயர்தான். 195 டயருக்குப் பதில் 225 போட்டால் பெயரளவு அகலம் 30 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 15. ஆஃப்செட்டின் 10ஐச் சேர்த்தால் டயரின் பக்கச் சுவர் 25 மி.மீ. வெளியே வரும். 6 அங்குல ரிம்மில் 195 டயர் ரிம்மைத் தாண்டிப் புடைத்து நிற்கும், 7.5 ரிம்மில் 225 அவ்வளவு புடைக்காது. இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் அங்கிருந்து வருகிறது. இன்னொன்று, ஒரே டயரை அரை அங்குலம் அகலமான ரிம்மில் ஏற்றினால் அதன் அகலம் ஏறக்குறைய 5 மி.மீ. கூடும். அதனால் ரிம்மை மட்டும் வைத்தோ டயரை மட்டும் வைத்தோ கணக்குப் போடாதீர்கள். இரண்டையும் போட்டு, பெரிதாக வரும் எண்ணை நம்புங்கள்.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழித்து

"உரசினால் ஃபெண்டர் ஓரத்தை மடக்கிவிடலாம் என்று கடையில் சொல்கிறார்கள்." மடக்கலாம். அந்த மடிப்பில் பெயின்ட் வெடித்து, உள்ளே தண்ணீர் போய், துரு பிடிக்கத் தொடங்குவது எப்போது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். சக்கரத்துக்காகக் காரின் உடலை மாற்றுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

ஜூன் 6

சரி, அளப்பது எப்படி? இதை நிதானமாக எழுதுகிறேன். இந்த இழையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள், ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். ஒரு நூலில் சின்ன நட்டைக் கட்டி, ஃபெண்டரின் உள் ஓரத்திலிருந்து சக்கரத்தின் நடுவுக்கு நேராகத் தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயரின் புடைப்புக்கும் நடுவே படுக்கை வாட்டில் எத்தனை மி.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரே காரில் இடது பக்கமும் வலது பக்கமும் சில மில்லிமீட்டர் வேறுபடுவது சகஜம். சிறிய எண்தான் உங்கள் எண்.

அடுத்து உள்பக்கம். டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே விரல் போகும், ஸ்கேல் போகாது. நான் களிமண்ணை உருட்டி அந்த இடுக்கில் அழுத்தி, மெதுவாக எடுத்து, வெர்னியரில் அளப்பேன். ஸ்ட்ரட்டின் குழாய் அருகில் ஒரு அளவு, அதன் மேலே ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று. சில கார்களில் அந்தத் தட்டு டயரின் தோளுக்கு நேர் எதிரே வரும், உண்மையான எல்லை அதுதான். ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, டயரின் பின்ஓரம் லைனரை (ஃபெண்டருக்குள் இருக்கும் உறை) எவ்வளவு நெருங்குகிறது என்றும் பாருங்கள்.

நின்றிருக்கும் காரில் எடுத்த அளவு பாதி உண்மைதான். பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் மேலே ஏறும். முன்பக்கம் பெரும்பாலான கார்களில் ஏறும்போது தலைப்பக்கம் கொஞ்சம் உள்ளே சாயும், அதனால் ஃபெண்டரைத் தவறவிட்டுப் போகும். பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) உள்ள கார்களில் இரண்டு பக்கமும் சேர்ந்து அமுங்கும்போது சக்கரம் அநேகமாக நேராக மேலே ஏறும். முன்னால் ஒரு உரசலும் இல்லாமல், பின்சீட்டில் மூன்று பேர் ஏறியதும் வேகத்தடையில் 'சர்க்' என்று சத்தம் வருவது இதனால்தான். பழைய சக்கரத்தோடே ஒரு சோதனை செய்யலாம். ஃபெண்டர் ஓரத்திலும் லைனரிலும் களிமண் உருண்டைகளை ஒட்டி, காரை ஆட்களால் நிரப்பி, மெதுவாக வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். எந்த உருண்டை எந்தத் தடிமனுக்கு நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள். மிச்சம் உள்ள தடிமன்தான் நீங்கள் செலவழிக்கக்கூடிய இடம்.

உள்ளே ஸ்ட்ரட் பக்கம் 6 மி.மீ.க்குக் கீழே நான் போக மாட்டேன். டயர் வளைவில் சாயும், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் தேயும், பேலன்ஸுக்கு ஒட்டிய எடை ஒன்று நகர்ந்து நிற்கும்.

ஜூன் 8

டயர் அளவுக்கு வருகிறேன். ரிம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் குறைய வேண்டும், மொத்த விட்டம் மாறக் கூடாது. 195/65 ஆர்15 என்றால் பக்கச் சுவர் 195இல் 65 சதவீதம், 126.75 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு மடங்கு, கூட ரிம் விட்டம் 381. மொத்தம் 634.5 மி.மீ. இதையே மற்ற அளவுகளுக்கும் போட்டால் 205/55 ஆர்16 என்பது 631.9, 225/45 ஆர்17 என்பது 634.3, 225/40 ஆர்18 என்பது 637.2 வரும். நான்கும் ஒரே குடும்பம் என்றே சொல்லலாம். பல கார்களில் விலை உயர்ந்த மாடலுக்கு இந்த அளவுகளில் ஒன்றைக் கம்பெனியே கொடுக்கிறது. உங்கள் காரின் மேல் மாடலில் என்ன ரிம், என்ன ஆஃப்செட் என்று முதலில் பார்த்துவிடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இதில் விட்டம் மாறவில்லை, பக்கச் சுவர்தான் மாறுகிறது. 126லிருந்து 112, 101, 90. அந்தக் காற்று மெத்தைதான் ரிம்மைப் பள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறது. சாலை மோசமாக உள்ள இடத்தில் ஓட்டுபவருக்கு 18க்குப் போக நான் எந்தக் காரணமும் பார்க்கவில்லை.

ஜூன் 9

"விட்டம் 3 சதவீதம் வரை மாறலாம் என்று எல்லோரும் சொல்கிறார்களே?" சொல்கிறார்கள். கூடுவதற்கும் குறைவதற்கும் அதை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. விட்டம் கூடினால் சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது, உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டத் தொடங்கும். ஐ.நா. ஒழுங்குமுறை 39இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டுவதற்குத்தான் இடம் உண்டு, அதுவும் 10 சதவீதத்தோடு 4 கி.மீ. வரைக்கும். கம்பெனி வைத்துள்ள அந்த உபரியை நாம்தான் தின்றுவிடுகிறோம்.

அதே நேரம் அரை சதவீதத்துக்கு அலட்டிக்கொள்ளவும் வேண்டாம். புது டயரில் பட்டன் (தரையைத் தொடும் வெட்டுகள்) 8 மி.மீ. ஆழம் இருந்து, தேய்மான அடையாளமான 1.6 மி.மீ. வரை தேய்ந்தால் விட்டத்தில் 12.8 மி.மீ. போய்விடும். 634இல் அதுவே 2 சதவீதம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கவனமாக இருங்கள். முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால் நடுவில் உள்ள கிளட்சோ டிஃபரன்ஷியலோ ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

ஜூன் 9, இரவு

225/45 ஆர்17ஐ 6.5 அங்குல ரிம்மில் ஏற்றலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. அந்த டயருக்கு 7 முதல் 8.5 வரை. 205/55 ஆர்16க்கு 5.5 முதல் 7.5 வரை. 195/65 ஆர்15க்கு 5.5 முதல் 7 வரை. ஏற்றும் இயந்திரம் எதையும் ஏற்றிவிடும், அதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

ஜூன் 11

போல்ட் பொருந்தியும் சக்கரம் பொருந்தாத கதை ஒன்று. நண்பர் ஒருவர் அலாய் மாற்றிய பிறகு 90க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று வந்தார். மாட்டிய இடத்தில் மறுபடியும் பேலன்ஸ் செய்து அனுப்பியிருக்கிறார்கள். நடுக்கம் போகவில்லை. டயர் கோளாறு என்று அடுத்த யோசனை சொல்லியிருக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். ஹப்பின் முகத்தில் பழைய ரிம் விட்ட துரு வட்டமும் புது அலாய் விட்ட சாம்பல் தடமும் ஒன்றன் மேல் ஒன்று உட்காராமல், ஒரு ஓரத்தில் பிறை போல விலகி நின்றன. ஹப் 67.1 மி.மீ., அலாயின் நடுத் துளை 73.1. சுற்றிலும் 3 மி.மீ. காலி.

கடைகளில் விற்கும் அலாய்களில் பல கார்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நடுத்துளையைப் பெரிதாகவே வைத்திருப்பார்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும். வெளி விட்டம் ரிம்முக்கு, உள் விட்டம் ஹப்புக்கு. 73.1க்கு 67.1 ரிங் நான்கு போட்டதும் நடுக்கம் நின்றது. பேலன்ஸ் இயந்திரத்தில் சக்கரம் நடுத்துளையை வைத்துச் சுற்றுகிறது, காரில் போல்ட்டை வைத்து உட்கார்கிறது. இயந்திரத்தில் சுத்தமாக வந்த சக்கரம் காரில் ஆடுவதற்கு இதுதான் காரணம்.

டொயோட்டாவின் சின்னக் கார்களிலும் சுசுகியிலும் 54.1, ஹோண்டாவின் சின்னக் கார்களில் 56.1, ஃபோக்ஸ்வேகனில் 57.1 என்று அடிக்கடி பார்க்கலாம். ஆனாலும் பட்டியலை நம்பி வாங்காமல் ஹப்பையே வெர்னியரில் அளந்துவிடுங்கள். துளை சிறிதாக இருந்தால் ரிம் ஹப்பில் ஏறவே ஏறாது. அதைக் கடைந்து பெரிதாக்குவதற்கு நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

ஜூன் 12

"அப்படியென்றால் வண்டியின் எடையை ரிங் தாங்குகிறதா? பிளாஸ்டிக் ரிங் போதுமா?" தாங்குவது ரிங் இல்லை. நட்டுகளை இறுக்கும்போது ரிம்மின் முகம் ஹப்பின் முகத்தோடு அழுந்துகிறது. அந்த உராய்வுதான் எடையைத் தாங்குகிறது. இறுக்கி முடிக்கும் வரை சக்கரத்தை நடுவில் பிடித்து வைப்பதுதான் ரிங்கின் வேலை. அதற்குப் பிளாஸ்டிக் போதும். மலை இறக்கத்தில் பிரேக் கொதித்து பிளாஸ்டிக் ரிங் உருக்குலைந்ததைப் பார்த்திருக்கிறேன் என்பதால் என் கை அலுமினியத்துக்குத்தான் போகும். அலுமினியம் துருவோடு ஒட்டிக்கொள்ளும் என்ற குறை அதற்கு உண்டு. ஹப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ரிங்கில் மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். மரையில் தடவாதீர்கள்.

ஜூன் 12, பிற்பகல்

மரை என்றதும் நட் ஞாபகம் வருகிறது. சத்தமில்லாமல் ஆபத்தில் விடுவது இதுதான். நட் உட்காரும் இடம் மூன்று விதம்: 60 பாகைக் கூம்பு, உருண்டை, தட்டை. ஹோண்டாவின் கம்பெனி ரிம்கள் உருண்டை. வெளியில் வாங்கும் அலாய்கள் பெரும்பாலும் கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் இறுக்கினால் இறுகியது போலவே இருக்கும். கழற்றிப் பார்த்தால் குழியின் சுற்றிலும் ஒரு மயிரிழைக் கோடு மட்டும் பளபளக்கும். ரிம்மைப் பிடித்திருந்தது அந்தக் கோடுதான். சரியான நட் என்றால் அகலமான ஒரு பட்டையாகத் தடம் தெரிய வேண்டும்.

மரையும் ஒரே அளவு கிடையாது. டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் பெரும்பாலும் எம்12×1.5, அதாவது மரையின் விட்டம் 12 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும். சுசுகி, நிசான் எம்12×1.25. ஒன்றை இன்னொன்றில் கையால் ஓரிரு சுற்று ஏற்றிவிடலாம், அதற்கு மேல் ஏர் கன் வைத்தால் ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் ஸ்டட் பாழ். நட் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மரையின் விட்டம் அளவுக்காவது உள்ளே போக வேண்டும்: 1.5 மரையில் 8 சுற்று, 1.25இல் ஒன்பதரைக்கு மேல். சில அலாய்களின் முகம் இரும்பு ரிம்மைவிடத் தடிமன், அதனால் சுற்று குறையும். கடைசி இறுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில், கையேட்டில் உள்ள அளவுக்கு, நட்சத்திர வரிசையில். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை.

ஜூன் 13

5×112 ரிம்மை 5×114.3இல் மாட்டியிருக்கிறேன், ஓடுகிறது என்கிறார் ஒருவர். ஓடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஸ்டட்டும் 1.15 மி.மீ. வளைந்து நிற்கிறது. கழற்றிவிடுங்கள்.

ஐந்து போல்ட் பிசிடியை அளக்கத் தெரியாமல்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ஐந்தில் எதிரெதிரே போல்ட் கிடையாது. பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்டட்டின் நடுவிலிருந்து நடு வரை அளந்து 1.701ஆல் பெருக்குங்கள். 67.2 வந்தால் 114.3, 65.8 வந்தால் 112. ஸ்கேல் போதாது, வெர்னியர் வேண்டும்.

ஜூன் 15

சுமை. யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். ரிம்மின் பின்பக்கம் '690 கிலோ' என்பது போல ஒரு எண் இருக்கும். காரின் கனமான அச்சுக்கு அனுமதித்த எடையில் பாதியாவது அது இருக்க வேண்டும். எண்ணே இல்லாத ரிம்மை நான் கையில் எடுக்க மாட்டேன். ஜேடபிள்யுஎல் என்பது ஜப்பானின் அலாய் சக்கரத் தரம். தயாரிப்பாளரே சோதித்து அதைப் போட்டுக்கொள்ளலாம். கூட விஐஏ முத்திரையும் இருந்தால் அதை வெளியார் ஒருவர் சரிபார்த்திருக்கிறார் என்று பொருள். மாற்றுச் சக்கரங்களுக்கென்றே ஐ.நா. ஒழுங்குமுறை 124 இருக்கிறது.

டயரில் சுமை எண் 91 என்றால் 615 கிலோ, 94 என்றால் 670. புது டயரின் எண் பழையதைவிடக் குறையக் கூடாது. 17 அங்குல டயரில் '94 எக்ஸ்எல்' (எக்ஸ்எல் என்பது கூடுதல் சுமை வகை) பார்த்ததும் கூடுதல் பலம் என்று சந்தோஷப்படுகிறார்கள். அந்த 670 கிலோ 290 கிலோபாஸ்கல் காற்றில், அதாவது 42 பிஎஸ்ஐயில் தாங்கும் எடை. சாதாரண 91 டயர் தன் 615ஐ 250இலேயே, 36 பிஎஸ்ஐயிலேயே தாங்கும். இரண்டிலும் ஒரே காற்று வைத்தால் எக்ஸ்எல் கொஞ்சம் குறைவாகத்தான் தாங்கும். எக்ஸ்எல் வாங்கினால் பழைய காற்றளவை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜூன் 17

எதிர்த்திசையில் ஒரு கேள்வி: "16இலிருந்து 15க்கு இறங்க ஆசை, சாலை மோசம்." நல்ல ஆசை, நானும் அந்தப் பக்கம்தான். தடை, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரில் வரும். டிஸ்க் 15 ரிம்முக்குள் நுழைந்தாலும் காலிப்பரின் முதுகு ஸ்போக்கில் இடிக்கலாம். அதை விட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஸ்போக்கின் வளைவுதான் சொல்லும். அதே 15×6, அதே ஆஃப்செட், வேறு டிசைன் என்றால் ஒன்று போகும், இன்னொன்று இடிக்கும். அட்டையில் காலிப்பரின் உருவத்தை ஹப் முகத்திலிருந்து வரைந்து வெட்டி, கடையில் ரிம்முக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள். சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். பேலன்ஸ் எடையை உள்ளே ஒட்டும் இடமும் அதே பக்கம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஜூன் 20

ஆஃப்செட் குறைந்தால் வண்டி அகலமாகி ரோட்டைப் பிடித்து ஓடும் என்று எழுதியிருக்கிறார்கள். அகலமாவது உண்மை. ஸ்டீயரிங் சுழலும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளிக்கும் ஒரு தூரம் உண்டு, ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். கம்பெனிக்காரர்கள் அதை யோசித்து வைக்கிறார்கள். 1972இல் வந்த ஆடி 80இல் அதை வேண்டுமென்றே எதிர்மறையாக வைத்தார்கள். ஒரு பக்க பிரேக் அதிகமாகப் பிடித்தாலும் ஸ்டீயரிங் தானாகவே அந்த இழுப்பை ஈடுகட்டும். ஆஃப்செட்டை 10 மி.மீ. குறைத்தால் டயரின் நடுப்புள்ளி அப்படியே 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ரோட்டுப் பள்ளக் கோடுகளில் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கத் தொடங்கும், வீல் பேரிங்கின் மேல் நெம்புகோல் நீளும். 5 மி.மீ.க்கு உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். 15, 20 என்று போனால் கட்டாயம் தெரியும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற தட்டை வைப்பதும் இதே கதைதான், கூடவே மரைச் சுற்றும் குறையும்.

ஜூன் 24

பழைய அலாய் வாங்குபவர்களுக்கு. முன்பக்கம் பார்த்து ஏமாறாதீர்கள். டயரைக் கழற்றச் சொல்லி, உள் உருளையை விளக்கு வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் உள் விளிம்பிலிருந்து தொடங்கும், பள்ளம் முதலில் அடிப்பது அங்கேதான். நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள், நகம் சிக்கினால் வேண்டாம். வெல்டிங் வைத்ததன் மேல் புது பெயின்ட் அடித்திருந்தால் அந்த இடம் மட்டும் தொடும்போது சற்று மேடாக இருக்கும். பிறகு பேலன்ஸ் இயந்திரத்தில் வெறும் ரிம்மைச் சுழற்றி, விளிம்பு மேலும் கீழும் ஆடுகிறதா என்று பாருங்கள்.

ஒரு ரிம்மைத் தராசில் வைத்தும் பாருங்கள். அலாய் என்றாலே லேசு என்பது பொய். 15 இரும்பை எடுத்துவிட்டு வார்ப்பு 17 போட்டால் டயரோடு சேர்த்து எடை கூடுவதுதான் வழக்கம். எடை ஹப்பிலிருந்து தள்ளிப் போகப் போகச் சுழற்றவும் நிறுத்தவும் சிரமம் கூடும்.

ஜூன் 28

கேள்வி கேட்டவர் அளந்துவிட்டார். பின்பக்கம் வெளியே 21 மி.மீ. இருக்கிறது. உள்ளே முன் ஸ்ட்ரட்டில் 17. அவர் பார்த்து வைத்த செட்டுக்கு வெளியே 29 வேண்டும், ஆக அது முடிந்த கதை. 17×7, ஆஃப்செட் 45 என்றால் ரிம் பக்கத்துக்கு 13 கூடும், 225 டயர் 15. வெளியே 6 மிஞ்சும், உள்ளே 2. வேண்டாம். ரிம் அதுவே இருந்து டயர் 215/45 ஆர்17 என்றால்? விட்டம் 625.3, ஒன்றரை சதவீதம் குறைவு. உள்ளே ரிம்முக்கு 4தான் மிஞ்சும். மறுபடியும் என் 6க்குக் கீழே. 16×6.5, ஆஃப்செட் 45, டயர் 205/55 என்றால் ரிம் பக்கத்துக்கு 6.4 நகரும், டயர் 5. உள்ளே 10 மிஞ்சும், வெளியே 14. நான் இதை எடுப்பேன்.

அவருக்கு 17தான் பிடித்திருக்கிறது என்பது புரிகிறது. அப்படியானால் 17×7, ஆஃப்செட் 40, 215/45 தேடட்டும். ரிம் உள்ளே 7.7, வெளியே 17.7. டயர் உள்ளே 5, வெளியே 15. உள்ளே 9 மிஞ்சும், வெளியே 3 சொச்சம். பின்சீட்டில் ஆள் ஏற்றும் வண்டிக்கு அந்த 3ஐ நான் ஏற்க மாட்டேன். 215/45 டயரின் சுமை எண் 87 அல்லது 91 எக்ஸ்எல் என்று வரும், 87 என்றால் 545 கிலோதான். அங்கேயும் இடிக்கிறது.

ஜூலை 2

16 வாங்கிவிட்டாராம். ஸ்டெப்னி பழைய 15 இரும்பு ரிம்தான், 634.5க்கும் 631.9க்கும் வித்தியாசம் சொற்பம், ஓட்டலாம். ஆனால் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. புது அலாய்க்கு வாங்கிய நட்டுகள் இரும்பு ரிம்மில் சரியாக உட்காருமா என்று பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பழைய நட் ஐந்தை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு வையுங்கள். இரண்டாவது, ஹப் ரிங். அலாயைக் கழற்றும்போது ரிங் ரிம்மோடு வராமல் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டால் ஹப்பின் அளவுக்கே துளையுள்ள இரும்பு ரிம் உள்ளே போகாது. பஞ்சர் ஆகி ரோட்டோரத்தில் நிற்கும்போது இதைக் கண்டுபிடிக்க வேண்டாம். வீட்டிலேயே ஒருமுறை ஜாக்கி வைத்து, அலாயைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். ரிங் ஒட்டிக்கொண்டால் எடுக்க ஒரு தட்டையான ஸ்க்ரூடிரைவரையும் அந்தப் பையிலேயே போட்டுவிடுங்கள்.